கேள்விக்கு மேடை கொடுப்போம், வசவுக்கு வாசலை அடைப்போம்

(மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில், நமது சட்டப் பிரிவைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம்.)



காலையிலிருந்து வீடியோ வெட்டுவது எப்படி, படத்தில் எழுத்து போடுவது எப்படி என்று நிறையக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வக்கீலைப் பேச விட்டிருக்காங்க. தூக்கம் வந்தா தப்பில்ல. ஆனா ஒரு பத்து நிமிஷம் மட்டும் முழிச்சிருங்க. ஏன்னா நான் பேசப்போறது உங்கள்ல சில பேர் மேல வழக்கு வராம தடுக்கும். அதைவிட முக்கியமா, உங்களால இன்னொருத்தர் வாழ்க்கை கெட்டுப் போகாம தடுக்கும்.

என் அப்பா எங்கள் ஊரில் கிளைச் செயலாளராக இருந்தவர். அப்போதெல்லாம் பொதுக்கூட்டம் நடக்கும்போது கீழே உட்கார்ந்திருப்பவர்கள் மேடைக்குத் துண்டுச்சீட்டு அனுப்புவார்கள். உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில், பஸ் டிக்கெட்டின் பின்னால் எல்லாம் எழுதி வரும். கூட்டத் தலைவர் அதை வாங்கிப் பார்த்துப் பேச்சாளரிடம் கொடுப்பார். என் அப்பாவுக்குப் பெரும்பாலும் அந்த வேலைதான். அவர் சொல்லுவார்: "சீட்டுல கேள்வி இருந்தா மைக்குல வாசிக்கணும். வசவு இருந்தா சட்டைப் பையில போட்டுக்கணும். ஆனா பதில் தெரியாத கேள்வியை வசவுன்னு சொல்லிச் சட்டைப் பையில போட்டோம்னா, அன்னிக்கே நம்ம கூட்டம் முடிஞ்சுது."

இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த மூன்று வாக்கியத்தில் அடங்கிவிட்டது. மீதி நேரம் பேசப்போவது, நானே இதில் எப்படித் தவறினேன் என்பதையும், சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும்தான்.

நான் செய்த இரண்டு தவறுகள்

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒருவர், நமது வார்டு உறுப்பினரைப் பற்றி முகநூலில் எழுதினார். மேல்நிலைத் தொட்டியைக் கழுவி மூன்று மாதமாகிறது, தண்ணீரில் நாற்றம் வருகிறது, ஓட்டுக் கேட்டு வரும்போது தெரிந்த எங்கள் தெரு இப்போது தெரியவில்லையா என்று கேட்டிருந்தார். கடைசியில் கொஞ்சம் நக்கலாக, "கண் ஆஸ்பத்திரிக்கு வசூல் பண்ணித் தரட்டுமா?" என்றும் எழுதியிருந்தார்.

நம்ம பசங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. என்கிட்ட வந்தாங்க. "அக்கா, நம்ம கவுன்சிலரைக் குருடன்னு சொல்றான், விடலாமா?" எனக்கும் கோபம்தான். அவதூறு வழக்குப் போடுவேன் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். தினக்கூலிக்குப் போகிற மனிதர். நோட்டீஸைப் பார்த்துப் பயந்துவிட்டார். பதிவை நீக்கினார், மன்னிப்பு எழுதினார். நாங்கள் அந்த மன்னிப்பைப் படம் எடுத்துப் போட்டு வெற்றி என்று கொண்டாடினோம்.

அடுத்த மழைக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. அரசு மருத்துவமனைக்குப் பார்க்கப் போனபோது அதே மனிதர் தன் பெண் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அம்மா, நான் கெட்ட வார்த்தை ஒண்ணும் எழுதலையேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவர் எங்குமே எதுவும் எழுதவில்லை. அவர் வாயை மூடியது நான். தொட்டியைக் கழுவச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

இரண்டாவது தவறும் ஏறக்குறைய அதே காலத்தில் நடந்ததுதான். நம் கட்சியில் ஒரு தங்கை, நன்றாகப் பேசுவாள். ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் அவள் சொன்ன ஒரு கருத்துக்காக, அவளுடைய படத்தைப் போட்டு எழுத ஆரம்பித்தார்கள். அவள் சொன்ன கருத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவள் உடம்பைப் பற்றி, சாதியைப் பற்றி, ராத்திரி எந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறாள் என்பதைப் பற்றி. யாரோ அவள் கைபேசி எண்ணையும் போட்டுவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு.

அவள் என்னிடம் வந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அரசியலுக்கு வந்தா இதெல்லாம் சகஜம்மா. கண்டுக்காதே. எல்லாருக்கும் கருத்துச் சுதந்திரம் இருக்குல்ல?" ஆமாம், அதே வக்கீல். தொட்டித் தண்ணீரைப் பற்றிக் கேட்டவருக்கு நோட்டீஸ் அனுப்பிய அதே வக்கீல். அந்தத் தங்கை இன்றைக்குக் கட்சியிலும் இல்லை, எந்த மேடையிலும் இல்லை. தையல் கடை வைத்திருக்கிறாள்.

தடுத்திருக்க வேண்டியதை விட்டேன். விட்டிருக்க வேண்டியதைத் தடுத்தேன். ஒரு இடத்தில் "மரியாதை" என்று காரணம் சொன்னேன், இன்னொரு இடத்தில் "சுதந்திரம்" என்று காரணம் சொன்னேன். இரண்டுமே நல்ல வார்த்தைகள். நல்ல வார்த்தைகளை வைத்துக்கொண்டுதான் நான் இரண்டு பேரை மௌனமாக்கினேன்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

நமது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு, ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தருகிறது. 19(2) பிரிவு, அந்த உரிமைக்கு எந்தெந்தக் காரணத்துக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று பட்டியல் போடுகிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். எட்டே காரணங்கள்தான். இந்த எட்டில் "என் மனசு புண்பட்டுச்சு" என்று ஒரு காரணம் கிடையாது. "எங்க தலைவருக்குக் கோபம் வந்துச்சு" என்றும் கிடையாது. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடு போடப்பட்ட கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1950இல் அன்றைய சென்னை மாகாண அரசு, ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. பொது அமைதி கெடும் என்பது காரணம். உச்ச நீதிமன்றம் அதே வருடம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. அதைத் தொடர்ந்து 1951இல் அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. "பொது ஒழுங்கு" என்ற காரணம் அப்போதுதான் உள்ளே நுழைந்தது. ஆனால் அதே திருத்தத்தில் "நியாயமான" என்ற சொல்லும் சேர்ந்தே நுழைந்தது. அரசு விதிக்கும் கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் இன்றைக்கு வரைக்கும் கேட்பது அந்த ஒரு சொல்லை வைத்துத்தான்.

அடுத்து 1989. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு தமிழ்ப் படம். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்த படம். இடஒதுக்கீடு நமக்கு உயிர். அந்தப் படத்தைப் பார்த்தால் இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு ரத்தம் கொதிக்கும். சென்னை உயர் நீதிமன்றம் படத்தின் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிப் படத்தை வெளியிட அனுமதித்தது. போராட்டம் வெடிக்கும் என்று அரசு சொன்னதற்கு, மிரட்டலுக்குப் பயந்து கருத்துரிமையை அடக்க முடியாது, சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று நீதிபதிகள் பதில் சொன்னார்கள். ஆபத்து என்றால் அது தூரத்தில் எங்கோ இருக்கிற ஊகமாக இருக்கக்கூடாது, வெடிமருந்துப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இருக்கிற தீப்பொறி மாதிரி அந்தப் பேச்சோடு ஒட்டி இருக்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு அந்தப் படத்தின் கருத்து பிடிக்காது. ஆனால் அந்தத் தீர்ப்பு பிடிக்கும். ஏன்னா நாளைக்கு நம்ம கருத்தைப் பிடிக்காதவங்க ஆட்சியில உக்காரும்போது நம்மைக் காப்பாத்தப்போறதும் அதே தீர்ப்புதான்.

66ஏ சொல்லித் தந்த பாடம்

இணையத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் ஒரு திருத்தம் செய்து, 66ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2009 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. மிகவும் புண்படுத்தும்படியான செய்தியைக் கணினியிலோ கைபேசியிலோ அனுப்பினால் 3 ஆண்டு வரை சிறை. எரிச்சல், அசௌகரியம், அவமதிப்பு என்ற சொற்களும் அந்தப் பிரிவுக்குள் இருந்தன. யோசிச்சுப் பாருங்க, எரிச்சல் படுத்தினா ஜெயில்! அப்படின்னா வீட்டுக்கு ஒருத்தர் உள்ளே இருக்கணும்.

நடைமுறையில் யார் உள்ளே போனார்கள்? 2012 ஏப்ரலில், மேற்கு வங்க முதலமைச்சரைக் கிண்டல் செய்யும் ஒரு கார்ட்டூனை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கொல்கத்தாவில் ஒரு பேராசிரியர். அதே வருடம் அக்டோபரில், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரியில் ஒரு சிறு தொழில் நடத்துபவர். அவர் எழுதியதைப் பின்தொடர்ந்து படித்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்! நவம்பரில், பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பை ஏன் இப்படி முடங்க வேண்டும் என்று முகநூலில் எழுதிய ஒரு இளம்பெண். அதற்கு விருப்பக்குறி போட்ட தோழியையும் சேர்த்துக் கைது செய்தார்கள்.

பாருங்கள், இந்த மூன்றில் ஒன்றுகூடப் பெண்களை ஆபாசமாகத் திட்டியவர்கள் மேல் பாயவில்லை. சாதி வெறியைக் கக்கியவர்கள் மேல் பாயவில்லை. "புண்படுத்தல்" என்ற வார்த்தையைச் சட்டத்தில் வைத்தால், அதிகாரத்தில் இருப்பவர்களின் தோல்தான் முதலில் மெலிசாகிறது.

ஒரு சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில், நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நாரிமனும் 66ஏ பிரிவை முழுவதுமாக ரத்து செய்தார்கள். அந்தத் தீர்ப்பில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு விஷயத்தை விவாதிப்பது, முதல் படி. ஒரு கருத்தை ஆதரித்து வாதாடுவது, இரண்டாவது படி. குற்றம் செய்யத் தூண்டுவது, மூன்றாவது படி. முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் கருத்துரிமையின் மையம். மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் அரசு குறுக்கே வரலாம்.

செத்துப்போன அந்தப் பிரிவில் அதற்கப்புறமும் காவல் நிலையங்களில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இனி யார் மேலும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. உங்களில் யாருக்காவது 66ஏ என்று சொல்லி அழைப்பு வந்தால் பயப்படாமல் சட்டப் பிரிவுக்குப் போன் செய்யுங்கள்.

நல்ல நோக்கத்தோடு இருப்பவர்களும் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். கேரளத்தில் 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். இணையத்தில் பெண்களைத் தாக்குவதைத் தடுப்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுத்து எல்லாரையும் வளைக்கிற மாதிரி இருந்தது. பத்திரிகைகள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். தவறு என்று தெரிந்ததும் திரும்பப் பெற்றதைப் பாராட்டலாம். ஆனால் பாடத்தை மறக்கக்கூடாது. வலை ரொம்ப அகலமா இருந்தா சுறாவோட சேர்த்துக் குஞ்சு மீனும் மாட்டும். சுறா கிழிச்சுட்டுப் போயிடும்.

மனம் புண்படுவது வேறு, மனிதர் பாதிக்கப்படுவது வேறு

அப்படியானால் எதையுமே தடுக்கக்கூடாதா? இங்கேதான் கவனம் வேண்டும்.

2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன், தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். 'மாதொருபாகன்' நாவல் 2010லேயே வந்தது. நான்கு வருடம் கழித்து அது தங்கள் மனத்தைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய "சமாதானக்" கூட்டத்தில் அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, அவரை மறுபடியும் எழுதச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாவலைப் பிடிக்காதவர்கள் அதைக் கண்டித்து எழுதியது அவர்கள் உரிமை. ஊரை விட்டு அவரைப் போக வைத்த மிரட்டல் யாருடைய உரிமையும் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு இளம் பட்டதாரிப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். குடும்பம் காவல்துறைக்குப் போனது. படம் உடனே நீங்கவில்லை. அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு அந்த மன்னிப்பு, போன உயிர் போனதுதானே?

நாவலும் இந்தப் படமும் ஒன்றா? இரண்டையும் "புண்படுத்தும் பதிவு" என்ற ஒரே பெட்டியில் போடுகிறவர்கள் இரண்டு பேருக்கும் துரோகம் செய்கிறார்கள். முதலாவதில் ஒரு கருத்து இருந்தது, பதில் சொல்ல வழி இருந்தது. இரண்டாவதில் கருத்தே இல்லை, ஒரு குறி மட்டும் இருந்தது.

நம்ம ஊர் வசவுகளையே எடுத்துப் பாருங்க. திட்டு வாங்குறது ஒரு ஆம்பள. ஆனா இழுக்கப்படுறது அவன் அம்மா, அவன் பொண்டாட்டி, அவன் தங்கச்சி. இல்லைன்னா அவன் சாதி. குழாயடிச் சண்டையில கூட அந்த வார்த்தை அந்தத் தெருவோட போச்சு. இணையத்துல அது அந்தப் பெண்ணோட மகள் கல்லூரிக்குப் போகும்போதும் தேடினா வரும்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 79ஆவது பிரிவு பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல், சைகைக்கும், 78ஆவது பிரிவு பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கும், 351ஆவது பிரிவு மிரட்டலுக்கும் உரியவை. ஆபாசப் பதிவுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் பெண்கள் மீதான தொல்லைத் தடைச் சட்டம் 1998இலிருந்து இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லிப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இணையமும் பொதுப் பார்வைதான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "நான் நேர்ல சொல்லலையே, யூடியூப்ல தானே சொன்னேன்" என்பது இனி செல்லாது.

"நான் எழுதலை, வந்ததைப் பகிர்ந்தேன்" என்பதும் செல்லாது. 2018இல் ஒரு நடிகர், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றைப் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. எய்த அம்பு எய்ததுதான், மன்னிப்பு அதைத் திருப்பிக் கொண்டுவராது என்பது அந்த உத்தரவின் கருத்து. 2024இல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் யார், எந்தக் கட்சி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கட்டைவிரலும் அவருடைய கட்டைவிரலும் ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதேசமயம், வாட்ஸ்அப் குழு நடத்தும் தோழர்கள் வீணாகப் பயப்படவும் வேண்டாம். குழுவில் ஒருவர் எதையோ போட்டதற்காக, நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் அவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் சொல்லியிருக்கின்றன. சட்டப் பொறுப்பு இல்லை. மனசாட்சிப் பொறுப்பு இருக்கு.

மூன்று கேள்விகள்

ஒரு பதிவைப் பார்த்துக் கோபம் வந்தால், கை வைப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது: இதில் பதில் சொல்லக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறதா? இருந்தால் அது சீட்டுக் கேள்வி. நக்கலாக இருக்கலாம், ஒருமையில் இருக்கலாம், எழுத்துப் பிழையோடு இருக்கலாம். பதில் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால், விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். கோபத்தில் எழுதுகிறவரிடம் இலக்கணம் கேட்காதீர்கள்.

இரண்டாவது: இது ஒருவர் செய்த செயலைத் தாக்குகிறதா, அவர் பிறப்பைத் தாக்குகிறதா? சாதி, மதம், பாலினம், உடல், குடும்பத்துப் பெண்கள், இவற்றைத் தாக்கினால் அதற்கு நம் இடத்தில் இடமில்லை. கேள்வியும் வசவும் கலந்து வந்தால்? வசவை நீக்குங்கள், கேள்விக்குப் பதில் போடுங்கள். வசவைக் காரணம் காட்டிக் கேள்வியை விழுங்கிவிடாதீர்கள்.

மூன்றாவது: இதனால் இன்றைக்கு ராத்திரி ஒரு மனிதருக்கு ஆபத்து வருமா? முகவரி, கைபேசி எண், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, மிரட்டல், ஒட்டிய படம், அடிக்கக் கூப்பிடும் அழைப்பு. வரும் என்றால் விவாதமே கிடையாது. படம் எடுத்து ஆதாரமாக வைத்துக்கொண்டு உடனே நீக்குங்கள், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சைபர் குற்றப் பிரிவுக்குக் கூடவே போங்கள். தனியாக அனுப்பாதீர்கள். நான் தனியாக விட்ட தங்கையைப் பற்றிச் சொன்னேன் இல்லையா?

இதை ஒரு ஆள் முடிவு செய்யக்கூடாது. குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். எதை, ஏன் நீக்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீக்கப்பட்டவர் வந்து ஏன் என்று கேட்டால் அந்த நோட்டைக் காட்ட முடிய வேண்டும். காட்ட வெட்கமாக இருந்தால், நீக்கியது தப்பு என்று அர்த்தம்.

தலைவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தலைவரைக் கேலிச் சித்திரம் போட்டார்கள் என்று காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். நான் வக்காலத்துப் போட மாட்டேன். வார்த்தையின் தாக்கத்தை எடை போடும்போது, எதற்கெடுத்தாலும் ஆடிப்போகிற மனத்தை வைத்துப் பார்க்கக்கூடாது, திடமான, துணிச்சலான மனிதரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் ஒரு கவிதை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் தலைவர்கள் திடமானவர்கள் என்று நாமே நம்பவில்லை என்றால் வேறு யார் நம்புவார்கள்?

"அவங்க மட்டும் திட்டலாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். காலையிலேயே ஒரு தம்பி கேட்டார். "அக்கா, அவங்க நம்ம வீட்டுப் பொண்ணுங்களை எழுதுறாங்க. நாம மட்டும் கை கட்டி நிக்கணுமா?"

கை கட்டி நிற்கச் சொல்லவில்லை தம்பி. வழக்குப் போடு, நான் வருகிறேன். தரவோடு பதில் எழுது, பத்து பேர் பகிர்வார்கள். ஆனால் அந்தக் கட்சியில் இருக்கிற ஒரு பெண்ணின் படத்தை எடுத்து நீயும் அதையே எழுதினால், நீ அடித்தது அந்தக் கட்சியை இல்லை. அங்கே அந்த அம்மா ஒருத்தி, இங்கே நம் தங்கை ஒருத்தி. ரெண்டு பக்கமும் பெண்கள் மேடையை விட்டு இறங்கிப் போவாங்க. மிச்சம் இருக்கிற ஆம்பளைங்க மட்டும் மாத்தி மாத்தித் திட்டிக்கிட்டு இருப்பாங்க. அதுக்குப் பேரு அரசியலா?

இந்த அணியில் இருக்கும் யாராவது எதிர்க்கட்சிப் பெண்ணைப் பற்றி அப்படி எழுதினால், புகார் முதலில் நம்மிடமிருந்தே போக வேண்டும். கட்சித் தலைமைக்கு நான் இதை எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். நம் ஆள் என்று மூடி மறைக்கும் இடத்தில், அடுத்தவரைக் கேட்கும் வாய் நமக்குப் போய்விடுகிறது.

முடிக்கிறேன். தொட்டியைப் பற்றி எழுதினாரே, அந்த மனிதரை அப்புறம் அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். நோட்டீஸ் அனுப்பியது தவறு என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். "இனிமே எழுதுங்க அண்ணே" என்றேன். "பார்க்கலாம்மா" என்றார். இன்னும் எழுதவில்லை. ஒருவரைப் பேச வைக்க எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. நிறுத்த ஒரு நோட்டீஸ் போதும், ஒரு ராத்திரி போதும். அது மட்டும் தெரியும்.

அந்தத் தங்கையிடமும் போனேன். துணி தைத்துக்கொண்டே கேட்டாள். "இப்ப யாராவது என்னை அப்படி எழுதினா என்ன பண்ணுவீங்கக்கா?"

அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்து வந்திருக்கிறேன். பதில் உங்களிடம் இருக்கிறது. இன்று ராத்திரி கைபேசியைத் திறக்கும்போது, உங்களுக்கு வந்த சீட்டு எது, சட்டைப் பைக்குப் போக வேண்டியது எது என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் மாவட்டத்திலும் ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.



#கருத்துரிமை #கண்ணியம் #கேள்விக்குப்பதில்